வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யாரிடம்: மேலாளர், இயக்குநர், உரிமையாளர்

கால்பந்துக் கழகம் ஒரு வீரரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகளுக்கு நீள்கிறது. அவரைக் கேட்டு வாங்கிய, அணியைப் பயிற்றுவிக்கும் மேலாளரோ பல வேளைகளில் இரண்டு ஆண்டுகள்கூட நிலைப்பதில்லை. வீரர்களை மேலாளர், விளையாட்டு இயக்குநர், உரிமையாளர் ஆகியோரில் ஒருவர் தேர்ந்தெடுக்கும் மூன்று முறைகளையும் இந்தக் கால இடைவெளியை வைத்தே எடைபோட வேண்டும் என்று கருதுகிறேன்.

மேலாளரிடமே எல்லாவற்றையும் ஒப்படைக்கலாம் என்போர் அலெக்ஸ் பெர்குசனைச் சுட்டுவார்கள். அவர் 1986 முதல் 2013 வரை மான்செஸ்டர் யுனைடெடில் இருந்தார். தவறாக வாங்கியவர்களை விற்றுச் சரிசெய்ய அவருக்குக் காலம் கிடைத்தது. இன்று அத்தகைய அவகாசம் அநேகமாக எவருக்கும் கிடைப்பதில்லை.

உரிமையாளரோ தலைவரோ தெரிவு செய்தால் பெயரின் பளபளப்பே முன்னிற்கும். புளோரெண்டினோ பெரெஸ் தலைமையில் ரியல் மாட்ரிட் 2003இல் நட்சத்திர வீரர் பெக்காமை வாங்கி, அதே கோடையில் தடுப்பாட்ட நடுக்கள வீரர் மக்கலேலேயைச் செல்சிக்கு விற்றது. அடுத்த லீக் பட்டம் 2007இல்தான் வந்தது.

வீரர்களைத் தேடுவதையும் வாங்கி விற்பதையும் கவனிக்கும் தனி அதிகாரியான விளையாட்டு இயக்குநரிடம் தெரிவை விடும் முறையே எனக்கு ஏற்புடையது. 2000இல் ஸ்பெயினின் செவிய்யா கழகம் இரண்டாம் பிரிவில் இருந்தபோது இயக்குநராகப் பொறுப்பேற்ற மோஞ்சியின் காலத்தில், 2006க்கும் 2016க்கும் இடையே அக்கழகம் யூரோப்பாக் கோப்பையை ஐந்து முறை வென்றது. ஹுவாண்டே ராமோஸ் முதல் உனாய் எமரி வரை மேலாளர்கள் மாறியபோதும், வீரர்களைத் தேடிப் பிடிக்கும் அமைப்பு கலையவில்லை. லிவர்பூலில் 2017இல் முன்கள வீரர் சலாவை வாங்கும்படி தேர்வுக் குழுவினரே விடாமல் வற்புறுத்தினர் என்று அப்போதைய மேலாளர் யூர்கன் குளோப்பே ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் பருவத்திலேயே சலா லீக்கில் 32 கோல்கள் அடித்தார்.

ஆயினும் இம்முறையிலும் ஓட்டை உண்டு. நியூகாசிலில் மேலாளராக இருந்த கெவின் கீகன், களத்தில் ஆடுவதைத் தாம் பார்த்தேயிராத இக்னாசியோ கொன்சாலஸைத் தம் எதிர்ப்பையும் மீறி இயக்குநர் உள்ளிட்ட நிர்வாகம் கடனாகப் பெற்றதால் 2008 செப்டம்பரில் விலகினார். அவ்வீரரை யூடியூபில் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லப்பட்டதாம்! 2009இல் தீர்ப்பாயம் கீகன் பக்கமே நின்று, 20 லட்சம் பவுண்டு இழப்பீடு வழங்கியது. எனவே, பட்டியலைத் தயாரிப்பதும் விலை பேசுவதும் இயக்குநரின் வேலையாக இருக்கட்டும். பட்டியலில் உள்ள ஒருவரை வேண்டாம் என்று மறுக்கும் உரிமையை மட்டும், பேச்சளவில் விடாமல், மேலாளரின் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.