ஓபன்எஸ்எஸ்எல்லும் உள்ளே மாட்டிக்கொண்ட 904 பைட்டுகளும்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "சி-யில எழுதின என் லைப்ரரிக்கு டிஎல்எஸ் சேர்க்கணும். நீங்க ஓபன்எஸ்எஸ்எல்தானே வச்சிருக்கீங்க, அதையே போட்டுடலாமா?" டிஎல்எஸ் என்பது இணைப்பில் போகும் தரவை மறையாக்கிப் பாதுகாக்கும் முறை, ஓபன்எஸ்எஸ்எல் அதைச் செய்து தரும் லைப்ரரி. அவர் கேட்டதற்கு முந்தின இரவுதான் அதன் பழைய தொல்லை ஒன்று திரும்பி வந்து, விடியற்காலை மூன்று மணி வரை என்னை உட்கார வைத்திருந்தது. அதனால் எழுதியே விடுகிறேன்.

2017-இல் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.0 பதிப்பை வைத்து என் திறந்த மூல லைப்ரரியின் சாக்கெட்டுகளை (நெட்வொர்க் இணைப்பின் முனைகளை)ப் பாதுகாப்பாக்கினேன். அடுத்த வருடம் 1.1.1 வந்தபோது, மறுபடி கம்பைல்கூடச் செய்யாமல் டிஎல்எஸ் 1.3 கிடைத்தது. சான்றிதழில் உள்ள பெயரும் நாம் கூப்பிட்ட சர்வரின் பெயரும் ஒன்றா என்று பார்க்கும் வேலையை ஒரு காலத்தில் நாமேதான் எழுத வேண்டும். பலர் தப்பாக எழுதினார்கள். இப்போது எஸ்எஸ்எல்_செட்1_ஹோஸ்ட் என்ற ஒரே வரி போதும். எங்கே இணைப்பு அறுகிறது என்று பார்க்க அதோடு வரும் எஸ்_கிளையண்ட் கட்டளையைப் போல உதவும் கருவி வேறில்லை. 2014-இல் ஹார்ட்ப்ளீட் என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது வாங்கிய வசவுக்குப் பிறகு ஓபன்எஸ்எஸ்எல் குழு நிறையவே உழைத்திருக்கிறது.

சரி, தொல்லைக்கு வருகிறேன். சர்வர் 5,000 பைட்டை ஒரே ரெக்கார்டாக (டிஎல்எஸ் மறையாக்கி அனுப்பும் ஒரு பொதியாக) அனுப்புகிறது. படித்ததைப் போட்டு வைக்கும் என் பஃபர் 4,096 பைட். சாக்கெட்டில் ஏதாவது வந்ததும் நம்மை எழுப்பும் 'போல்' (poll) அழைப்பு "தரவு வந்திருக்கிறது" என்கிறது, ஓபன்எஸ்எஸ்எல்லின் படிக்கும் அழைப்பான எஸ்எஸ்எல்_ரீட் 4,096 பைட்டைத் தருகிறது. மீதி 904 பைட் எங்கே? ரெக்கார்டு முழுவதும் ஏற்கெனவே கெர்னலிலிருந்து (இயக்கமுறைமையின் மையப் பகுதியிலிருந்து) எடுக்கப்பட்டு, மறை நீக்கப்பட்டு, ஓபன்எஸ்எஸ்எல்லின் வயிற்றுக்குள் இருக்கிறது. நான் மறுபடி போலிடம் போகிறேன். கெர்னலில் ஒன்றுமில்லை, எனவே அது எழுப்பாது. சர்வர் என் பதிலுக்குக் காத்திருக்க, நான் அந்த 904 பைட்டுக்குக் காத்திருக்க, முப்பது விநாடியில் இணைப்பு அறுந்துவிடுகிறது.

போலிடம் போகும் முன், உள்ளே மீதி இருக்கிறதா என்று எஸ்எஸ்எல்_பெண்டிங்கைக் கேட்க வேண்டும், அல்லது 'வான்ட் ரீட்' (இப்போதைக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்ற பதில்) வரும்வரை படித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆவணத்தில் இருக்கிறது. நானும் அந்த லூப்பை வைத்திருந்தேன். ஒரு இணைப்பே நேரம் முழுவதையும் தின்னக் கூடாது என்று பங்களிப்பாளர் ஒருவர் அதை எடுத்துவிட்டு, சுற்றுக்கு ஒரு முறை மட்டும் படிக்கிற பேட்ச் அனுப்பினார். நியாயமான யோசனையாகத் தெரிந்தது, நானே சேர்த்துக்கொண்டேன். டெஸ்ட்டில் எல்லாம் சின்னச் செய்திகள், அதனால் மாட்டவில்லை.

ரெக்கார்டை முழுதாக உள்ளே இழுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு: அது முழுவதும் வந்து சரிபார்க்கும்வரை ஒரு பைட்கூட வெளியே விடக் கூடாது. ஒரு ரெக்கார்டில் 16,384 பைட் வரை இருக்கலாம். அதில் எனக்கு மறுப்பே இல்லை. கோபம் வருவது வேறிடத்தில். ஓபன்எஸ்எஸ்எல் சாக்கெட் எண்ணைக் கொடு என்று வாங்கிக்கொள்கிறது, சாக்கெட்டைப் படிக்கும் சாதாரண ரீட் மாதிரியே பெயர் வைத்திருக்கிறது, ஆனால் சாக்கெட் மாதிரி நடந்துகொள்வதில்லை. இத்தனை வருடம் பழகிய என்னையே அந்தப் பெயர் ஏமாற்றுகிறது என்றால், புதிதாக வருபவர் என்ன செய்வார்?

மேலே இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பரிடம் "வேண்டாம்" என்றுதான் சொன்னேன். ரஸ்ட் மொழியில் எழுதிய டிஎல்எஸ் லைப்ரரியான ரஸ்ட்எல்எஸ்ஸைப் பாருங்கள், சி-யிலிருந்தும் அழைக்கலாம். அது சாக்கெட்டைத் தொடுவதே இல்லை. பைட்டை நாமே வாங்கி உள்ளே கொடுத்து, நாமே வெளியே எடுக்கிறோம். ஓபன்எஸ்எஸ்எல்தான் வேண்டுமென்றால் மெமரி பயோ (சாக்கெட்டுக்குப் பதில் நினைவகத்தில் படித்து எழுதும் வசதி) வைத்து அதே மாதிரி எழுதுங்கள். நான் மாறவில்லை. லூப்பைத் திரும்ப வைத்து, ஒரு சுற்றில் எத்தனை முறை படிக்கலாம் என்று வரம்பு போட்டு, வரம்பைத் தொட்டால் போலிடம் போகாமல் அடுத்த சுற்றில் தொடரும்படி செய்திருக்கிறேன். 5,000 பைட் செய்தி ஒன்றும் டெஸ்ட்டில் சேர்ந்துவிட்டது.