முதுகெலும்பு முறிவும் நிறுத்தச் சொல்லாத வலி மாத்திரையும்

சென்ற முறை ஊருக்கு வந்திருந்தபோதுதான் அம்மா குனிந்து வாளியைத் தூக்கியதில் முதுகெலும்பு முறிந்தது. நசுங்கியது முதல் இடுப்பு முள்ளெலும்பு. எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் எலும்புப்புரை நோய் உள்ளவர்களுக்கு இத்தகைய முறிவு மிகுதியாக வருவது நடுமுதுகும் இடுப்பும் சேரும் அந்த இடத்தில்தான். மருத்துவமனையில் எக்ஸ்ரேயோடு நில்லாமல், கால்களின் வலுவையும் தொடுவுணர்வையும் சோதித்து, சிறுநீர் தடையின்றிப் போகிறதா என்று கேட்டு, முறிவு புதியதுதான் என்பதை எம்.ஆர்.ஐ. மூலம் உறுதி செய்த பிறகே, அறுவைச் சிகிச்சை வேண்டாம், முதுகுப் பட்டை போதும் என்றார்கள். ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டபடியே கையை ஊன்றி எழும் முறையை, இயன்முறை மருத்துவர் அம்மாவுக்குப் பயம் போகும்வரை சொல்லிக்கொடுத்தார். அதுவரை எனக்கு முழு மனநிறைவு.

இம்முறை வந்தபோது முறிந்த எலும்பு ஒன்றுசேர்ந்திருந்தது; மருத்துவமனையில் தந்த வலி மாத்திரை மட்டும் நிற்கவில்லை. அட்டையின் பின்புறத்தில் டிராமடால் 37.5 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. என்று இருந்தது. டிராமடால் ஓபியாய்டு வகை மருந்து, அதாவது அபினைப் போலச் செயல்பட்டு உடம்பைப் பழக்கிவிடக்கூடிய வலி மருந்து என்று வீட்டில் யாரிடமும் சொல்லப்படவில்லை. எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்று மருத்துவமனை தந்த சீட்டில் ஒரு வரிகூட இல்லை. கடும் வலி பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் தணிந்துவிடும் ஒரு முறிவுக்கு இந்தக் கவனக்குறைவு மிகப் பெரியது. மாத்திரை மலச்சிக்கலைத் தந்தது. முக்கினால் முதுகு வலித்தது. அந்த வலிக்கும் அதே மாத்திரை. ஒரு வேளை தவறினால் வியர்வையும் படபடப்பும் தூக்கமின்மையும் வந்தன. அவற்றை முறிவின் வலி என்றே அம்மா நம்பியிருந்தார்.

வலி நிவாரணச் சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் அம்மாவைக் குற்றவாளிபோல் நடத்தவில்லை. "உடம்பு பழகிவிட்டது அம்மா, மெதுவாக விடுவிப்போம்" என்றார். திடீரென நிறுத்தக் கூடாது என்று எச்சரித்து, அளவைப் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையைத் தாமே எழுதினார், மலமிளக்கியும் தந்தார். அம்மா தூக்க மாத்திரையும் எடுப்பதை அறிந்ததும், இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தப்படக்கூடும் என்று விளக்கி, அதையும் குறைக்கத் திட்டமிட்டார். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனையை முதல் மருத்துவமனையே செய்திருக்க வேண்டும்; அதை எழுதிக்கொடுத்தவரும் இவர்தான். எலும்புப்புரைக்கான மருந்து இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.