பாட்டுப் பயிற்சிக்கு நயோஷ் ஒலிமானி: எண்ணை எப்படி வாசிப்பது

"மெல்லமாப் பாடு" என்றால் பிள்ளை முணுமுணுக்கும். "வாயைத் திறந்து பாடு" என்றால் கத்தத் தொடங்கும். நடுவில் எங்கே நிற்பது என்பதை வாயால் சொல்லி விளங்கப்படுத்துவது கஷ்டம். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவனம் (NIOSH, நயோஷ்) தொழிற்சாலை இரைச்சலை அளக்க 2017இல் வெளியிட்ட நயோஷ் ஒலிமானிச் செயலி இந்த இடத்தில் நன்றாகக் கைகொடுக்கிறது. இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை. ஆனால் ஐபோனில் மட்டும்தான் ஓடும். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைக்கும், கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குப் போகும் மாணவருக்கும் இது பயன்படும். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைக்க வேண்டும்: எண் பெரிதில்லை, இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம்தான் பெரிது.

செயலியைத் திறந்ததும் செற்றிங்ஸுக்குப் போங்கள். ஏ, சி, இசட் என்று மூன்று நிறை (வெயிற்றிங்) இருக்கும்; தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளை எண்ணில் எவ்வளவு சேர்ப்பது என்பதை இவைதான் தீர்மானிக்கும். தொழிற்சாலைக்கு ஏ சரி. பாட்டுக்கு அது ஏமாற்றும். மனிதக் காது தாழ்ந்த ஒலிகளை மந்தமாகக் கேட்பதால், ஏ நிறை அவற்றைக் கழித்துக் காட்டும்: 125 ஹேர்ட்ஸில் சுமார் 16 டெசிபல், 250 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 9. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜம் 131 ஹேர்ட்ஸ். அந்த ஆதார ஒலியோடு சேர்ந்து மேலெழும் கிளை ஒலிகள் ஓரளவு ஈடுகட்டினாலும், மந்திர ஸ்தாயிக்கு இறங்கும்போது குரல் விழுந்துவிட்டது போல எண் தெரியும். பிள்ளை பதறி, கீழ் ஸ்தாயியில் தொண்டையை அழுத்தும். ஆகவே சி நிறையை வையுங்கள். அதில் வெறும் அறையே கூடுதலான எண் காட்டும். அது தூரத்து லொறியும் கடல் இரைச்சலும்தான், பயப்பட ஒன்றுமில்லை. நேர அளவு ஸ்லோவாக இருக்கட்டும். ஃபாஸ்ட் 125 மில்லிசெக்கன் அளவிலான மாற்றத்துக்கே துள்ளும்; ஒவ்வொரு கமகத்துக்கும் எண் ஆடினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

போனை வைக்கும் இடம்தான் அடுத்த தொல்லை. அடிமட்டத்தை எடுத்து வாயிலிருந்து 30 சென்றிமீற்றர் அளந்து, போனைக் கொஞ்சம் பக்கவாட்டாக நிறுத்துங்கள். வாய்க்கு நேரே வைத்தால் 'ப' வரும்போது மூச்சு மைக்கில் அடித்து எண் வீணாக ஏறும். மேசையில் படுக்க வைத்தால் பலகையில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேரும். மைக் ஓட்டையை மூடும் கவரையும் கழற்றிவிடுங்கள். 30 சென்றிமீற்றரை ஒரு மீற்றர் ஆக்கினால் திறந்த வெளியில் 10 டெசிபல் வரை குறையும். அதனால் இன்றைய எண்ணையும் நேற்றைய எண்ணையும் ஒப்பிட வேண்டுமானால் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும்; கதிரையும் அதே கதிரையாக இருந்தால் இன்னும் நல்லது.

இனி அளக்கலாம். முதலில் வாயைத் திறக்காமல் முப்பது செக்கன் வெறும் அறை, பிறகு ஃபானைப் போட்டு முப்பது செக்கன். வித்தியாசத்தைப் பார்த்தால், கச்சான் காலத்து வெக்கையில் ஃபானுக்குக் கீழே இருந்து பாடும் பிள்ளை ஏன் கத்துகிறது என்று விளங்கும். சுற்றுச் சத்தம் கூடினால் பேசுபவர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவார். பிரெஞ்சு வைத்தியர் எத்தியேன் லொம்பார்ட் 1911இல் சொன்ன விஷயம் இது. பாட்டுக்கும் அப்படியே பொருந்தும். "கத்தாதே" என்று சொல்வதைவிட ஃபானைக் குறைப்பது பலன் தரும். குரல் எண் அறை எண்ணுக்கு மேலே 10 டெசிபல் நின்றால், அறைச் சத்தம் கூட்டும் பிழை அரை டெசிபலுக்கும் குறைவு. இரண்டும் சமமென்றால் 3 டெசிபல் வீணாக ஏறும்; அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

அடுத்தது சுருதி. எங்கள் அபிப்பிராயத்தில் பயிற்சிச் சத்தத்தைத் தீர்மானிப்பது தொண்டையைவிடச் சுருதிப்பெட்டி வைக்கும் இடம்தான். போனின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து ஆண் சுருதியின் ஆதார ஒலி சரிவர வெளியே வராது. கிளை ஒலிகள்தான் கீச்சென்று கேட்கும். கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டினால் காது உறுத்தும், பாடுபவரும் கூட ஏறுவார். சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் காது உயரத்தில், பக்கமாக ஒரு முழம் தள்ளி வைத்து, சத்தத்தைக் குறையுங்கள். தம்புரா மாதிரி ஒரே ரீங்காரத்துக்குப் புளூடூத் போதும்; தாளச் செயலிக்கு வேண்டாம், தாமதம் வந்து அடி பிந்தும்.

சுருதி போதுமான சத்தமா என்பதை மானி சொல்லாது, காதுதான் சொல்லும். 'ஸா'வை மிருதுவாகப் பிடியுங்கள். குரல் சுருதியிலிருந்து 2 ஹேர்ட்ஸ் விலகினால் செக்கனுக்கு இரண்டு தடவை 'வவ் வவ்' என்று ஒலி அலையும். இரண்டு ஒலியும் காதில் ஏறக்குறையச் சமமாக விழும்போதே அந்த அலைவு தெளிவாகக் கேட்கும். சுருதியின் சத்தம் மிகக் குறைவென்றால் அலைவு கேட்காமல் குரல் மெல்ல இறங்கும்; மிகக் கூடினால் தன் குரலே கேட்காமல் கழுத்து நரம்பு புடைக்கும். அலைவு கேட்கத் தொடங்கும் இடத்தில் ஸ்பீக்கர் திருகில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

அந்தக் கோட்டில் வைத்துச் சரளி வரிசையை முதலாம் காலத்தில் பாடுங்கள். 30 சென்றிமீற்றரில் சாதாரணப் பேச்சு 65–70 பக்கம் நிற்கும். நிதானமான பயிற்சிக் குரல் 75–80 அளவில் வரும். இது வழிகாட்டும் எண் மட்டுமே, பிள்ளைக்குப் பிள்ளை மாறும். 90ஐத் தாண்டி அரை மணித்தியாலம் நின்றால் அது பயிற்சியில்லை, மேடைக் குரல். மறுபக்கம், 60க்குக் கீழே போய்க் காற்றுக் கலந்த ரகசியக் குரலில் பாடுவதும் தொண்டைக்கு நல்லதல்ல. குரல் நாண்கள் சரியாக மூடாமல் மூச்சு வீணாகும்.

மானி உண்மையில் பெறுமதி காட்டுவது ஒரே சுவரத்தைப் பெருக்கிச் சிறுக்கும் பயிற்சியில். 'ஸா'வை மெல்ல எடுத்து எட்டு எண்ணிக்கையில் பெருக்கி, எட்டில் இறக்குங்கள். 10 முதல் 15 டெசிபல் வரை ஏறி இறங்கினால் நல்லது. சத்தம் ஏறும்போது சுருதியும் கூடவே ஏறப் பார்க்கும், இறங்கும்போது தொய்யும். அலைவைக் கேட்டுத் திருத்த வேண்டும். எண் திடீரென்று 6 டெசிபல் குதித்தால் வயிற்று மூச்சு விட்டுப்போய்த் தொண்டை அழுத்திவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மூச்சழுத்தம் இரட்டித்தால் 8–9 டெசிபல் கூடும் என்பதால், கொஞ்ச அழுத்தமே போதும்.

குறைகளும் உண்டு. சராசரி எண்ணில் மௌனமும் சேரும்: பாதி நேரம் நிறுத்தி நிறுத்திப் பாடினால் 3 டெசிபல் குறைவாகக் காட்டும். இடைவெளியுள்ள கீர்த்தனைகளுக்கு அதை நம்ப வேண்டாம். செயலி காட்டும் 'டோஸ்' (காது வாங்கிய மொத்தச் சத்தம்) வீதம் எட்டு மணித்தியாலத் தொழிலாளிக்குரியது, தனியாகப் பாடும் பிள்ளைக்குத் தேவையில்லை. பத்துப் பேரை ஒரு சீமெந்து அறையில் உரத்துப் பாடவைக்கும் ஆசிரியர்கள் மட்டும் அதைப் பார்க்கலாம், ஏ நிறையில். எல்லை 85 டெசிபலில் எட்டு மணி. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணித்தியாலம்தான்.

எங்கள் பக்கத்தில் கூடுதலானவர்களிடம் அன்ட்ரொயிட் போன்தான் இருக்கிறது. அதில் இந்தச் செயலி வராது, கம்பனிக்குக் கம்பனி மைக் வேறு. கிடைக்கும் வேறு ஒலிமானிச் செயலியை இறக்கி, வாங்கும் பொருளைத் தட்டிப் பார்ப்பது போல ஒரு சோதனை செய்யுங்கள். சுருதிப்பெட்டியை முற்றத்தில் ஒரே சத்தத்தில் ஓடவிட்டு, ஓரடியில் ஒரு எண், ஈரடியில் ஒரு எண் எடுங்கள். 6 டெசிபல் அளவு இறங்க வேண்டும். ஓரிரண்டு டெசிபல் மட்டும் இறங்கினால் போன் தானாகவே சத்தத்தைச் சமப்படுத்துகிறது. அந்தச் செயலியை அழித்துவிடலாம். பெரிதாகப் பாடியும் எண் ஓரிடத்தில் முட்டி நின்றால் மைக் நிரம்பிவிட்டது. போனைத் தள்ளி வையுங்கள், ஆனால் அந்தத் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாரி வந்தால் தகரக் கூரை எல்லாக் கணக்கையும் குழப்பும். மழை எண்ணே குரல் எண்ணை முந்திவிடும். அதற்கு மேலே எழும்பிப் பாடவைக்காதீர்கள். அன்றைக்குச் செயலியை மூடிவிட்டு, புது வர்ணத்தின் சுவரங்களைக் கையால் தாளம் போட்டு வாசித்துப் பழகச் சொல்லுங்கள்.