கேள்வி முன்பக்கம், காரணம் பின்பக்கம்: ஒரு தகவல் நாட்காட்டியின் மதிப்புரை

மேசைமீது வைத்து நாளுக்கொரு தாளாகக் கிழிக்கும் நாட்காட்டி இது. முன்பக்கத்தில் தேதியும் அதன்கீழ் வியப்பூட்டும் ஒரு கேள்வியும் இருக்கும்; தாளைக் கிழித்துத் திருப்பினால் விடையும், அந்த விடைக்கான காரணமும் ஏழெட்டு வரிகளில் இருக்கும். சனி, ஞாயிறு இரண்டுக்கும் ஒரே தாள் என்பதால் ஆண்டு முழுவதற்கும் 313 தாள்கள். கடந்த ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கி டிசம்பர் கடைசி நாள் வரை, முன்கூட்டிப் புரட்டிப் பார்க்காமல், நாளொன்றுக்கு ஒரு தாள் என்ற ஒழுங்கு பிசகாமல் இதைப் படித்து முடித்தேன். கிழித்த தாள்களை எறியாமல், பிறரிடம் சொல்லத் தக்கவை, ஐயத்துக்குரியவை, பிழையானவை என மூன்று கட்டுகளாகப் பிரித்து வைத்தேன். ஆண்டு முடிவில் முதல் கட்டுதான் மிகத் தடிமனாக இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழைக்கட்டும் நான் எதிர்பார்த்ததைவிடச் சற்றுத் தடிமனாகவே இருந்தது.

இந்த நாட்காட்டியின் உயிர் அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. துணுக்குச் செய்திகளுக்கு இன்று பஞ்சமே இல்லை. கைப்பேசியைத் திறந்தால் நூறு வந்து விழுகின்றன, அரை மணி நேரத்தில் நூறும் மறந்து போகின்றன. ஆனால் ஒரு செய்தி ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அது மனத்தை விட்டு அகல்வதில்லை. மார்ச் மாதத்தில் வந்த வாம்பட் தாளை இதற்குச் சான்றாகக் கூறலாம். ஆஸ்திரேலியாவில் வாழும் இந்த விலங்கின் எச்சம் கனசதுர வடிவில் இருக்கும் என்பது பலர் கேள்விப்பட்ட செய்தி. நாட்காட்டி அங்கே நின்றுவிடவில்லை. வெளியேறும் துளை சதுரமாக இருப்பதால் அப்படி ஆவதில்லை என்பதையும், குடலின் கடைசிப் பகுதியில் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே விறைப்பாக இல்லாமல் சில இடங்களில் இறுக்கமாகவும் சில இடங்களில் நெகிழ்வாகவும் இருப்பதால், அங்கே நீரிழந்து கெட்டியாகும் கழிவில் விளிம்புகள் உருவாகின்றன என்பதையும், இதைக் கண்டறிந்த ஆய்வுக் குழுவுக்கு 2019ஆம் ஆண்டு இயற்பியலுக்கான இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படுவது) கிடைத்தது என்பதையும் அத்தாளின் பின்பக்கம் விளக்கியது. சிரிப்போடு தொடங்கிய தாள், குழாய்க்குள் நகரும் மென்மையான பொருளுக்கு எவ்வாறு வடிவம் கொடுக்கலாம் என்ற கேள்வியோடு முடிந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவு கிடைத்தால் போதாதா?

அதற்கு அடுத்த வாரத்தில் வந்த தவளைத் தாளும் அதே தரத்தில் இருந்தது. வலிமையான காந்தப் புலத்தில் உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்க வைத்ததற்காக இயற்பியலாளர் ஆந்த்ரே கெய்ம் 2000ஆம் ஆண்டில் மைக்கேல் பெரியுடன் சேர்ந்து இக் நோபல் பெற்றார். 2010ஆம் ஆண்டில் ஓர் அணு தடிமனே உள்ள கரிமப் படலமான கிராஃபீன் பற்றிய ஆய்வுக்காகக் கான்ஸ்டான்டின் நோவோசெலோவுடன் சேர்ந்து நோபல் பரிசே பெற்றார். இரண்டு பரிசுகளும் தனி மனிதராகப் பெற்ற முதல் அறிவியலாளர் அவர்தான். தவளை இரும்பு அல்லவே, காந்தத்தில் எப்படி மிதக்கும் என்று நமக்குத் தோன்றும் கேள்விக்கு, தவளையின் உடலில் மிகுதியாக உள்ள நீர் காந்தப் புலத்தால் மிக மெல்லிய அளவில் விலக்கப்படுகிறது என்றும், புலம் போதிய வலிமை பெறும்போது அந்த விலக்கம் எடையைச் சமன்செய்துவிடுகிறது என்றும் இரண்டே வாக்கியங்களில் விடை இருந்தது. கிராஃபீனைப் பிரித்தெடுக்கச் சாதாரண ஒட்டுநாடா பயன்பட்டது என்ற செய்தியையும் அதே தாளில் சேர்த்த கை தேர்ந்த கை.

நாட்காட்டி என்ற வடிவத்தையே பொருளாக்கிய தாள்களைத் தனியே பாராட்ட வேண்டும். பிப்ரவரி 28ஆம் நாள் தாளில், பிப்ரவரிக்கு 30 நாள் வந்த ஆண்டு உண்டா என்ற கேள்வி இருந்தது. உண்டு: சுவீடனில் 1712ஆம் ஆண்டு. பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மெல்ல மெல்ல மாறிவிடலாம் என்று எண்ணிய அந்நாடு, 1700இல் மிகுநாளை விட்டுவிட்டது, திட்டம் தொடரவில்லை, இரண்டு நாட்காட்டிகளோடும் பொருந்தாமல் நடுவில் நின்ற அவர்கள், பழைய முறைக்கே திரும்புவதற்காக 1712இல் ஒரு நாளைக் கூடுதலாகச் சேர்த்தனர். அக்டோபர் 5ஆம் நாள் தாளோ, இத்தாலியிலும் ஸ்பெயினிலும் 1582ஆம் ஆண்டில் இந்தத் தேதியே இருக்கவில்லை என்று தொடங்கியது. ஜூலியன் ஆண்டு உண்மையான ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் நீளமானது. அந்த நிமிடங்கள் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து பத்து நாள் பிசகாகிவிட்டதால், அக்டோபர் 4க்கு மறுநாளை 15 என்று அறிவித்துக் கணக்கை நேர்செய்தனர். தேதியைக் கிழிக்கும் கையில் அந்தத் தேதியின் வரலாற்றையே வைத்துவிடும் இத்தகைய தாள்களைப் படிக்கும்போது, தொகுத்தவர் இந்த வேலையை நேசித்துச் செய்திருக்கிறார் என்று உணர்ந்தேன்.

கைக்கெட்டும் பொருள்களைப் பற்றிய தாள்களும் நன்றாகவே அமைந்தன. பேனா மூடியின் நுனியிலுள்ள சிறு துளை, அதைக் குழந்தை தவறி விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் கொஞ்சம் காற்று உட்செல்வதற்காக வைக்கப்பட்டது. விமானச் சன்னலின் சிறு துளை, அடுக்குகளுக்கு இடையிலான அழுத்தத்தைச் சமன்செய்து, முழுச் சுமையையும் வெளிப்புறப் பலகை தாங்கும்படி செய்கிறது. பனிமூட்டம் படிவதையும் குறைக்கிறது. புளூடூத் என்ற பெயர் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஒருவரின் பட்டப்பெயர்; அதன் சின்னம் அவருடைய பெயரின் முதலெழுத்துகளைப் பழைய ரூனிக் வரிவடிவத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த வடிவம். பேனா மூடித் தாளைப் படித்த பிறகு அந்தத் துளையைக் காணாமல் ஒரு மூடியையும் என்னால் கையில் எடுக்க முடிவதில்லை.

இனி குறைகளுக்கு வருகிறேன். தகவல் நாட்காட்டி ஒன்றில் தகவல் தவறாக இருப்பது மற்ற எந்தக் குறையையும்விடப் பெரிது. சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியும் என்ற பழைய கட்டுக்கதை ஏப்ரல் மாதத் தாள் ஒன்றில் உண்மையாகவே அச்சாகியிருந்தது. நிலவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சுவரின் அகலமோ சில மீட்டர்தான். புவியை மிக அருகில் சுற்றிவந்த சீன விண்வெளி வீரர் யாங் லீவெய் கூட, 2003இல் திரும்பிய பிறகு, தமக்குச் சுவர் தெரியவில்லை என்றே கூறினார். தங்கமீனின் நினைவு மூன்று நொடிதான், மனிதர் மூளையில் பத்து விழுக்காட்டை மட்டுமே பயன்படுத்துகிறோம், தாளை ஏழு முறைக்குமேல் மடிக்கவே முடியாது என்ற மூன்றும் இவ்வாறே இடம்பெற்றிருந்தன. உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை உடலின் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. அதில் பெரும்பகுதி சும்மா கிடந்தால் உடல் அந்தச் செலவை ஏற்குமா என்று தொகுத்தவர் ஒரு நிமிடம் எண்ணியிருக்கலாம்.

தாள் மடிப்புப் பிழை எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. ஏனென்றால் உண்மை அந்தக் கட்டுக்கதையைவிடப் பல மடங்கு சுவையானது. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் பள்ளி மாணவியாக இருந்த பிரிட்னி கேலிவன், மடிப்பு ஒவ்வொன்றிலும் வளைவில் எவ்வளவு தாள் வீணாகிறது என்பதற்கு ஒரு சூத்திரமே வகுத்து, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான கழிப்பறைத் தாள் சுருளை 12 முறை மடித்துக் காட்டினார். மடிப்புக்கு மடிப்பு தடிமன் இரட்டிப்பாகும் விந்தையையும் அந்தத் தாளில் சொல்லியிருக்கலாம்: 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள தாளை 42 முறை மடிக்க முடிந்தால் அதன் உயரம் நிலவையும் தாண்டிவிடும். இத்தனை வளமான பொருளை ஒரு பொய்யால் அடைத்துவிட்டார்களே என்ற ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

முழுப் பொய்யாக இல்லாமல் அரைகுறையாக விடப்பட்டவை இரண்டாம் கட்டில் சேர்ந்தன. வெள்ளிக் கோளில் ஒரு நாள் ஓர் ஆண்டைவிட நீளமானது என்ற தாளில் விளக்கமே இல்லை. அக்கோள் தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 243 புவி நாள்களும், சூரியனைச் சுற்ற 225 நாள்களும் எடுத்துக்கொள்வது உண்மை. ஆனால் அது எதிர்த்திசையில் சுழல்வதால், அங்கே ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் இடையே சுமார் 117 நாள்களே ஆகும். நாள் என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடும் இந்த இடம்தான் இச்செய்தியின் உண்மையான சுவை. அதற்குப் பின்பக்கத்தில் போதிய இடமும் வெறுமையாக இருந்தது.

மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழைகளைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். புவிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவு 15 கோடி கிலோமீட்டர் என்று வர வேண்டிய இடத்தில் 150 கோடி என்று அச்சாகியிருந்தது; மில்லியனைக் கோடியாக மாற்றும்போது வழக்கமாக ஏற்படும் சறுக்கல் இது. அதே தாளில், ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடம் 20 நொடி ஆகிறது என்றும் உள்ளது. நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தை 500 நொடிகளால் பெருக்கினால் 15 கோடி கிடைத்துவிடும். மெய்ப்புப் பார்த்தவர் இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பார்த்திருந்தால் பிழை பிடிபட்டிருக்கும். இன்னொரு தாள், ஸ்ட்ராபெர்ரி ஒரு பெர்ரி அல்ல, வாழைப்பழம் ஒரு பெர்ரி என்று கூறியது. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள முரணில்தான் இச்செய்தியின் வியப்பு அடங்கியுள்ளது. அந்த முரண் ஆங்கிலச் சொல்லில் உள்ளதே அன்றித் தமிழ்ச் சொல்லில் இல்லை. தமிழில் எழுதும்போது, தாவரவியல் ஒரே பூவின் சூலகத்திலிருந்து வளரும், கடினமான கொட்டை இல்லாத சதைப்பற்றான கனிகளைப் பெர்ரி என்று வகுக்கிறது என்பதை முதலில் கூறிவிட்டு, அந்த வகையில் வாழை, தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம்போல் வந்து நிற்பதைக் காட்டியிருந்தால் வியப்பு முழுமையாக நம்முடையதாகியிருக்கும். பிற மொழியில் பிறந்த வியப்பை நம் மொழியில் மறுபடியும் பிறப்பிக்க வேண்டும் என்ற கவனம் பாதித் தாள்களில் இருக்கிறது, மீதியில் இல்லை.

அச்சு நேர்த்தியைப் பற்றியும் சில சொற்கள். எழுத்து பெரிதாகவும் தெளிவாகவும் உள்ளது. ஆனால் தாள் மெல்லியது. காலை வெளிச்சத்தில் பின்பக்க விடை முன்பக்கத்தில் நிழலாகத் தெரிந்துவிடுகிறது. கேள்வியைப் படித்து, ஒரு நொடி யோசித்து, பிறகு திருப்பிப் பார்ப்பதுதான் இந்நாட்காட்டியின் இன்பம் என்பதால் இதைச் சிறு குறையாக என்னால் கருத முடியவில்லை. மேல்விளிம்பின் பசை செப்டம்பருக்குப் பிறகு தளர்ந்து, ஒரு தாளைக் கிழித்தால் மூன்று தாள்கள் சேர்ந்து வந்தன. பொருளடக்கமும் இல்லை, பிறந்தநாள் கணக்குத் தாளைத் தேடிக் கட்டு முழுவதையும் ஒரு மாலைப் பொழுதெல்லாம் புரட்ட வேண்டியிருந்தது. ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே அவர்களில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்குமேல் என்று கூறி, 23 பேரில் 253 இணைகள் உருவாகின்றன என்று காரணத்தையும் அழகாக விளக்கிய தாள் அது. தேடியது வீண் போகவில்லை.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வாங்கலாம் என்றே கூறுவேன்; பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும், பலர் கூடி வேலை செய்யும் மேசையிலும் இது நன்றாகப் பயன்படும். விளக்கம் இல்லாத தாளை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். என் பிழைக்கட்டில் இருந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே பின்பக்கத்தில் காரணம் எழுதப்படாத தாள்கள். அடுத்த பதிப்பைத் தொகுப்பவர்கள், வெந்நீர் குளிர்ந்த நீரைவிட விரைவில் உறையுமா என்பது பற்றிய ஆகஸ்ட் தாளை முன்மாதிரியாகக் கொள்ளட்டும். 1963இல் இன்றைய தான்சானியாவில் பள்ளி மாணவராக இருந்த எராஸ்டோ எம்பெம்பா இதைக் கவனித்ததையும், 1969இல் இயற்பியலாளர் டெனிஸ் ஆஸ்போர்னுடன் கட்டுரை வெளியிட்டதையும், அறிவியலாளர்களிடையே இதுபற்றிய கருத்து வேறுபாடு இன்றும் முடியவில்லை என்பதையும் ஒளிவுமறைவின்றி எழுதிய தாள் அது.

டிசம்பர் 31ஆம் நாள் தாளில், கடைசி நிமிடத்துக்கு 61 நொடிகள் இருந்த ஆண்டு எது என்ற கேள்வி இருந்தது. மிக அண்மையில் அது நிகழ்ந்தது 2016ஆம் ஆண்டின் இறுதியில். புவியின் சுழற்சி அணுக் கடிகாரத்தோடு முற்றிலும் ஒத்துப்போகாததால், 1972 முதல் இதுவரை 27 முறை இவ்வாறு ஒரு நொடியைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தத் தாளைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. வெறும் அட்டையில் ஒட்டியபடி அது இன்னும் என் மேசைமீதுதான் இருக்கிறது.