கியர்பாக்ஸ் போய்விட்டது என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

பழைய வண்டியில் டிரெய்லர் இழுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரிக்கத் தேவையே இல்லாத ஒரு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்லி, வண்டியின் இன்றைய மதிப்பில் பாதிக்கு மேல் கொடுத்துவிட்டு, இரண்டே மாதத்தில் பழைய இடத்திலேயே வந்து நின்றவன் நான். பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே கேட்ட பேச்சு வேறு பட்டறைகளிலும் கேட்கக் கிடைப்பதுதான்.

வண்டி 1980களின் செவர்லே பிக்கப். உள்ளே டர்போ ஹைட்ராமேட்டிக் 400 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், மூன்று கியர். 1964இல் வந்த வடிவமைப்பு, கணினி எதுவும் கிடையாது. பாரம் இழுக்கப் பேர்போன பெட்டி.

தொல்லை இப்படி ஆரம்பித்தது. டிரெய்லரோடு மேடு ஏறும்போது இன்ஜின் உறுமும், வண்டிக்கு வேகம் வராது. காலையில் லீவரை டி-யில் (டிரைவ்) போட்டால் இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டுத்தான் பிடிக்கும். நிறுத்திய இடத்தில் சிவப்புக் கறை. சைலன்சரில் அவ்வப்போது அடர்த்தியான வெள்ளைப் புகை. இன்னொன்றும் இருந்தது, அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை: நழுவாத நேரங்களில் கியர் தாமதமாகவும், பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரியும் மாறியது.

பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்தார். இன்ஜின் அணைந்திருந்தது. கியர்பாக்ஸ் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை, அதாவது டிப்ஸ்டிக்கை, உருவிப் பார்த்தார். "ஆயில் நிறைய இருக்கு சார். ஆயில் இருந்தும் ஸ்லிப் ஆகுதுன்னா கிளட்ச் பிளேட் முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றார். கீழே குனிந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்து மூடியான பெல் ஹவுசிங்கைக் காட்டினார், நனைந்திருந்தது. "முன்பக்கப் பம்ப் சீலும் போச்சு. எப்படியும் இறக்கணும்." புகையைப் பற்றிக் கேட்டேன். "பழைய இன்ஜின், புகை வராம என்ன வரும்?"

மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நான் சரி என்றேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் நடந்த தப்பு எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. இந்த மாதிரி பெட்டியில் ஆயில் அளவை இன்ஜின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டுப் 'பார்க்' நிலையில் வைத்து, ஐடிலில் பார்க்கணும். (சில கம்பெனிகள் நியூட்ரலில் வைத்துப் பார்க்கச் சொல்கின்றன, வண்டியின் கையேட்டில் இருக்கும்.) இன்ஜினை அணைத்தால் பம்ப் நின்றுவிடும், டார்க் கன்வர்ட்டரில் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) இருக்கும் ஆயில் மெல்ல வடிந்து, பெட்டியின் அடியில் இருக்கும் ஆயில் தட்டுக்கு வரும். அப்போது குச்சியை உருவினால் ஒரு லிட்டர் குறைவாக இருந்தாலும் நிறைந்தது போலத்தான் காட்டும். ஆயில் குறைந்தால் மேட்டில் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், கிளட்ச் நழுவும். அதாவது என் வண்டி ஆயில் பற்றாமல் தவித்துக்கொண்டிருந்தது. அவர் நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது ஒரு தட்டில் கருகிய பிளேட்டுகளைக் காட்டினார்கள். அவை என் வண்டியிலிருந்து வந்தவைதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிரிக்கும்போது நான் பக்கத்தில் இல்லை. ரசீதில் கிளட்ச் செட், சீல் செட், ஃபில்ட்டர், புது ஆயில் எல்லாம் வரிசையாக இருந்தன.

முதல் சில வாரம் நன்றாகத்தான் ஓடியது. ஆயில் புதிதாக முழு அளவு ஊற்றியிருந்தார்களே, ஓடாமல் என்ன செய்யும்! அப்புறம் அதே சிவப்புக் கறை, அதே வெள்ளைப் புகை, அதே மேட்டில் அதே உறுமல். திரும்பப் போனால் "டிரெய்லரை இழுத்து நீங்கதான் கெடுத்துட்டீங்க" என்றார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நண்பர் வயதான மெக்கானிக் ஒருவரிடம் அழைத்துப் போனார். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு. "தம்பி, வாரத்துக்கு எவ்வளவு ஊத்துறீங்க? தரையில அவ்வளவு கிடக்குதா?" இல்லை. கிட்டத்தட்ட ஒரு லிட்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன், தரையில் இருந்தது ஒரு உள்ளங்கை அளவுக் கறை. "அப்போ மீதி எங்கே போகுது?" என்று கேட்டுவிட்டு வண்டிக்கடியில் புகுந்தார். பெட்டியின் பக்கவாட்டில், பின்பக்கமாக, ஒரு சின்னத் தகர டப்பா மாதிரி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஓஸைப் பிடுங்கி என் விரலில் தேய்த்தார். சிவப்பு ஆயில்.

அதன் பெயர் வேக்கூம் மாடுலேட்டர். இன்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதைப் பெட்டிக்குச் சொல்வது அதுதான். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால் இன்ஜினின் உறிஞ்சல் கியர் ஆயிலை நேராக உள்ளே இழுத்து எரித்துவிடும். ஆயில் குறைகிறது, தரையில் காணோம், புகையாகப் போகிறது. சவ்வு கிழிந்ததால் உறிஞ்சல் சரியாகக் கிடைக்காமல், இன்ஜின் முழுப் பாரத்தில் இருப்பதாகப் பெட்டி நினைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றிவிடும். கியர் தாமதமாக உதைத்து மாறியதற்கு அதுதான் காரணம். நான் கவனிக்காமல் விட்ட அந்த ஒரு அறிகுறியே விடையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும் உதிரி பாகம். பெட்டியை இறக்காமலே, அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டார்.

தரைக் கறைக்கும் பம்ப் சீலுக்கும் சம்பந்தமே இல்லை. அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, கொஞ்சத் தூரம் ஓட்டச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார். கசிந்த ஆயில் கீழே இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே நனைந்த இடங்களில் எது உயரமாகவும் முன்னாலும் இருக்கிறதோ அங்கேதான் ஊற்றுக்கண் இருக்கும். என் வண்டியில் அது கியர் ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் கூலர் லைன், ரப்பரும் இரும்புக் குழாயும் சேரும் இடம். அங்கிருந்து பறந்துதான் பெல் ஹவுசிங் நனைந்திருக்கிறது.

அதோடு விடவில்லை அவர். பெட்டியில் ஆயில் அழுத்தம் அளப்பதற்கான துளையில் 300 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை காட்டும் மீட்டரை மாட்டி டி-யிலும் ரிவர்ஸிலும் பார்த்தார். ரிவர்ஸில் நல்லபடி ஏறியது, பம்ப் ஆரோக்கியம் என்றார். அடியில் இருக்கும் ஆயில் தட்டையும் இறக்கினோம். அதிலிருந்த காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை, அது எல்லாப் பெட்டியிலும் இருப்பது. பளபளவென்று உலோகத் துகளோ கரித்தூளோ கொட்டிக் கிடந்தால்தான் பயப்பட வேண்டுமாம். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது ஃபில்ட்டரைப் பார்த்தபோது. கறுத்துப்போன பழைய ஃபில்ட்டர். ரசீதில் புதிது என்று காசு வாங்கிய அதே ஃபில்ட்டர்.

எல்லா வண்டியிலும் மாடுலேட்டர் இருக்காது. ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கம்பெனியின் 700ஆர்4 கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் முதலில் டிவி கேபிளை, அதாவது இன்ஜினின் த்ராட்டிலிலிருந்து பெட்டிக்கு வரும் 'த்ராட்டில் வால்வ்' கம்பியை, பார்க்கச் சொல்லுங்கள். அது தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து, நல்ல கிளட்சும் கருகிவிடும், அதற்குமேல் ஓவர்ஹால்தான். மின்னணுக் கட்டுப்பாடு உள்ள பெட்டியென்றால் ஸ்கேனரை மாட்டிக் கோளாறுக் குறியீடுகளைப் படிக்காமல் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆயில் இளஞ்சிவப்பாகப் பால் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது, அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள். கருகிய வாடை பலமாக அடித்தால், சரி, அப்போது ஓவர்ஹால் பேச்சைக் காதில் வாங்கலாம். அப்போதும் பிரிக்கும்போது கூட நில்லுங்கள். கழற்றிய பாகங்களை முன்கூட்டியே கேட்டு வையுங்கள், ஆயில் தட்டைத் திறந்ததும், ஃபில்ட்டரைக் கழற்றுவதற்கு முன் பழைய ஃபில்ட்டரில் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைப்பேன் என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறினால் வேறு பட்டறை தேடலாம்.

பழைய ஃபில்ட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பட்டறைக்குப் போனேன். ரசீதைத் திருப்பி, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள். டிரெய்லர் இழுத்தால் உத்தரவாதம் செல்லாதாம். வண்டியை அவர்களிடம் விட்ட அன்று டிரெய்லர் பின்னால் மாட்டித்தான் இருந்தது. அதைக் கழற்றி ஓரமாக வைக்க அவர்களே ஆள் கொடுத்தார்கள்.