மை ஃபேர் லேடி ப்ளூ-ரே ரிவியூ: ஹீரோ மேடையில இருந்து வந்தாரு, ஹீரோயின் வரல

மொதல்ல டிஸ்க்க பத்தி சொல்லிடுறேன், சண்டை போட வேண்டிய விஷயத்துக்கு அப்புறம் வர்றேன். நான் வாங்குனது 2015ல புதுசா ரெஸ்டோர் பண்ண பதிப்போட ப்ளூ-ரே. 1964ல வந்த ஹாலிவுட் மியூசிக்கல், அதாவது பாட்டாலயே கத சொல்ற படம், 65 மி.மீ நெகட்டிவ்ங்குற பெரிய சைஸ் ஃபிலிம்ல எடுத்தது, அதனால உள்ள இருக்குற டீடெய்ல் சும்மா மிரட்டுது. பழைய டிவிடில இந்த படத்த பாத்தவங்க இது வேற படம்னே நெனைப்பீங்க. ஆஸ்காட் குதிரைப் பந்தய சீன் வருதுல்ல, எல்லாரும் கறுப்பு வெள்ளை சாம்பல்னு மட்டும் டிரெஸ் போட்டுட்டு பொம்மை மாதிரி நிப்பாங்களே, அதுல ஒவ்வொரு தொப்பி மேலயும் இருக்குற இறகு தனித்தனியா தெரியுது, லேஸ்ல இருக்குற நெசவு தெரியுது. டிரெஸ் எல்லாம் செசில் பீட்டன், இது படமாகுறதுக்கு முன்னாடி மேடை நாடகம், அதுக்கும் அவர்தான் காஸ்ட்யூம், படத்துக்கும் அவர்தான், ஆஸ்கரும் வாங்குனாரு. இந்த ஒரு சீனுக்கே டிஸ்க் காசு செரிச்சிடும். தமிழ் சப்டைட்டில் கெடையாது, இங்கிலீஷ்ல போட்டுத்தான் பாக்கணும், அதுவும் கண்டிப்பா போடுங்க, ஏன்னா முதல் அரை மணி நேரம் ஹீரோயின் பேசுற லண்டன் தெருப் பேச்சு சப்டைட்டில் இல்லாம எனக்கு பாதி புரியல.

கத தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. லண்டன்ல தெருவுல பூ விக்கிற எலைசான்னு ஒரு பொண்ணு, உச்சரிப்புலயே ஊர கண்டுபிடிக்கிற ஹிக்கின்ஸ்னு ஒரு திமிர் புடிச்ச புரொஃபசர், 6 மாசத்துல இவள பெரிய வீட்டுப் பொண்ணு மாதிரி பேச வச்சுக் காட்டுறேன்னு பந்தயம் கட்டுறாரு. பெர்னார்ட் ஷா எழுதுன நாடகம் இது, அவரு இருந்த வரைக்கும் இத பாட்டு நாடகமா மாத்த விடவே இல்ல, 1950ல அவரு போனப்புறம்தான் பாட்டு எழுதுன லெர்னரும் மியூசிக் போட்ட லோவும் கைய வச்சாங்க. 1956 மார்ச்ல நியூயார்க்ல மேடை ஏறுச்சு, 2,717 ஷோ, அந்த காலத்து பிராட்வே ரெக்கார்ட். ஹிக்கின்ஸா ரெக்ஸ் ஹாரிசன், எலைசாவா ஜூலி ஆண்ட்ரூஸ், அப்போ அந்தப் பொண்ணுக்கு 20 வயசு. அந்த மேடை செட்டோட பாட்டு ரெக்கார்ட் அமெரிக்காவுல வீட்டுக்கு வீடு ஓடுச்சு. அதாவது படம் எடுக்குறதுக்கு முன்னாடியே ஜனங்க காதுல எலைசான்னா ஒரே ஒரு குரல்தான்.

இங்கதான் படத்த எடுத்த வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ முதலாளி ஜாக் வார்னர் வர்றாரு. வெறும் உரிமைக்கே 55 லட்சம் டாலர், படத்துக்கு மொத்தமா 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவு. இவ்ளோ காச கொட்டிட்டு, இது வரைக்கும் ஒரு சினிமா கூட பண்ணாத ஒரு பொண்ண போஸ்டர்ல போட அவருக்கு தைரியம் வரல. ஆட்ரி ஹெப்பர்ன் கிட்ட போனாரு, சம்பளம் 10 லட்சம் டாலர். இத நான் முட்டாள்தனம்னு சொல்ல மாட்டேன், காசு போட்டவன் பயம் அவனுக்கு. ஆனா இதே ஆளு ஹிக்கின்ஸ் ரோலுக்கு கேரி கிராண்ட கேட்டுப் பாத்தாரு, ஹாரிசன் நடிக்கலன்னா நான் படத்த பாக்கக் கூட வர மாட்டேன்னு கிராண்ட் சொன்னதா இன்னிக்கு வரைக்கும் சொல்றாங்க. எலைசாவோட அப்பா ரோலுக்கும் வேற ஸ்டார தேடிட்டு கடைசியில மேடையில நடிச்ச ஸ்டான்லி ஹாலோவேயே வந்துட்டாரு. ஆக மேடை ஆளுங்க ரெண்டு பேரு உள்ள, ஒருத்தி மட்டும் வெளிய.

சரி, படத்துல என்ன ஆச்சு? எலைசா வாய்ல இருந்து வர்ற பாட்டுல பெரும்பகுதி ஹெப்பர்ன் குரல் இல்ல, மார்னி நிக்சன் குரல். நிக்சன் ஏற்கனவே தி கிங் அண்ட் ஐ படத்துல டெபோரா கெர்ருக்கும், வெஸ்ட் சைட் ஸ்டோரில நடாலி வுட்டுக்கும் பாடினவங்க. டைட்டில்ல பேரு கூட போடல. ஹெப்பர்ன் மாசக்கணக்கா பாட்டு பிராக்டீஸ் பண்ணி, ரெக்கார்டும் பண்ணி, அப்புறம்தான் உன் குரல் வேணாம்னு சொன்னாங்களாம். விஷயம் வெளிய வந்ததும் அங்க ஒரே கூச்சல், பாடவே பாடாதவள எப்படி மியூசிக்கல்ல ஹீரோயின்னு சொல்றதுன்னு.

நமக்கு இத படிச்சா சிரிப்பு வரும். டி.எம்.எஸ். ஒரே தொண்டையில சிவாஜிக்கும் பாடினாரு எம்.ஜி.ஆருக்கும் பாடினாரு, ரெண்டு பக்க ரசிகனும் எங்க தலைவர் பாட்டுன்னு விசில் அடிச்சான், யாரும் கேஸ் போடல. அதனால பின்னணிக் குரல்ன்றதே தப்புன்னு சொல்ற பழைய இங்கிலீஷ் ரிவியூ எல்லாம் எனக்கு ஒட்டல. பாட்டுக்கு குரல் ஒருத்தரு, முகம் ஒருத்தரு, அது ஒரு ஏற்பாடு அவ்ளோதான்.

ஆனாலும் படம் பாக்கும்போது ஏதோ ஒன்னு இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. என்னன்னு ஹெட்ஃபோன் போட்டு ரெண்டாவது தடவ பாக்கும்போதுதான் புடிபட்டுச்சு. ஹாரிசன் லிப் சிங்க் பண்ண மாட்டேன்னுட்டாரு. நான் ஒரு தடவ பாடுற மாதிரி இன்னொரு தடவ பாட மாட்டேன், முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வாய அசைக்கிறது என்னால ஆகாதுன்னு. அதனால டைக்குள்ள குட்டியா ஒரு வயர்லெஸ் மைக்க ஒளிச்சு வச்சு, செட்லயே லைவா ரெக்கார்ட் பண்ணாங்க, 1963ல இது சாதாரண வேலை இல்ல, சவுண்டுக்கு ஆஸ்கரும் கெடச்சுது. கடைசியில அவரு தனியா தெருவுல நடந்து வீட்டுக்கு வர்ற பாட்ட கேளுங்க. பாட்டுன்னு சொல்றதா பேச்சுன்னு சொல்றதான்னே தெரியாது, ஒரு வார்த்தைய கடிச்சு துப்புவாரு, அடுத்த வரிய முழுங்குவாரு, கோவமா ஆரம்பிச்சு பாதியில குரல் தழையும், மூச்சு வாங்குறது வரைக்கும் கேக்கும். அந்த நிமிஷத்துல அந்த எடத்துல அந்த ஆளு. அவருக்கு எதிர்ல எலைசா பாட ஆரம்பிச்சா, ஸ்டூடியோல சுத்தபத்தமா பதிவு பண்ண வேற ஒருத்தரோட குரல், வாய் அசையுது, ஆனா சத்தம் வேற ரூம்ல இருந்து வருது. ரெண்டு பேரும் லிப் சிங்க் பண்ணிருந்தா நாம பழகிருப்போம், ரெண்டு பேரும் லைவா பாடிருந்தா இன்னும் நல்லது, இங்க ஒரே சீனுக்குள்ள ரெண்டு விதமான படம் ஓடுது. என் குத்தச்சாட்டு நிக்சன் மேலயும் இல்ல ஹெப்பர்ன் மேலயும் இல்ல, இந்த கலவைய முடிவு பண்ணவங்க மேல.

அதுலயும் ஹிக்கின்ஸ திட்டி எலைசா தனியா பாடுற பாட்டு இருக்கே, இருடா உனக்கு வச்சிருக்கேன்ற மாதிரி, அதுல தெருப் பேச்சுல கத்துற வரிங்க ஹெப்பர்னோட சொந்தக் குரல், கரகரன்னு கோவமா நல்லாவே இருக்கு. நடுவுல ராஜா வர்ற மாதிரி கனவு காண்ற பகுதி வந்ததும் குரல் மெழுகு மாதிரி வழுவழுன்னு ஆயிடும், அது நிக்சன். திரும்ப கத்தும்போது ஹெப்பர்ன். ஒரு தடவ காதுல விழுந்துட்டா அப்புறம் அத கேக்காம இருக்க முடியாது, மன்னிச்சுக்கோங்க உங்களுக்கும் கெடுத்துட்டேன்.

இந்த மாதிரி பாதிப்பாதி வேலை நம்ம ஊருக்கும் புதுசு இல்ல. வள்ளி திருமணம் மேடையில ஊர் ஊரா ஓடுன கத, ஏவி.எம். செட்டியார் அத 1945ல ஸ்ரீவள்ளின்னு படம் எடுத்தாரு. முருகனா டி.ஆர். மகாலிங்கம், நாடக மேடையில வளர்ந்த தொண்டை, பாட்டெல்லாம் அவரே. வள்ளியா ருக்மிணி, அவங்க பாடினது செட்டியாருக்கு திருப்தி இல்ல, பி.ஏ. பெரியநாயகிய பாட வச்சு குரல மாத்திட்டாரு. ஹாலிவுட்காரன் முழிச்ச அதே எடத்துல செட்டியார் 19 வருஷம் முன்னாடியே நின்னுருக்காரு. அங்க ஒன்னும் பெருசா இடிக்காததுக்கு காரணம் ரெண்டு குரலும் பாட்டுன்னா பாட்டா பாடுச்சு, ஒருத்தரு பேசிட்டு ஒருத்தரு பாடிட்டு நிக்கல.

குரல விடுங்க, ஹெப்பர்ன் நடிப்பு? இங்கயும் எனக்கு ரெண்டு மனசு. முதல் பாதியில பூக்காரியா நம்பவே முடியல. கன்னத்துல கரி, கிழிஞ்ச தொப்பி, எல்லாம் சரி, ஆனா இந்தம்மா எப்ப குளிச்சுட்டு வரப்போறாங்கன்னு தியேட்டர்ல எல்லாருக்கும் தெரியும், போஸ்டர்லயே அந்த கவுனோடதான நிக்கிறாங்க. 34 வயசுல பச்சப் புள்ள மாதிரி கத்துறது கொஞ்சம் ஓவராவும் போகுது. ஆனா விருந்துக்கு கெளம்பி படிக்கட்டுல எறங்கி வர்ற ஷாட்ல, ஒரு வார்த்த பேசாம, ஹிக்கின்ஸ் கைய நீட்டுவாரான்னு ஒரு செகண்ட் பாக்குறாங்க பாருங்க, அதுக்கு மேடையில வேலையே இல்ல, கடைசி வரிசைக்கு அது தெரியாது. சினிமாவுக்கு மட்டுமே கெடைக்கிற விஷயம் அது. வார்னர் குடுத்த 10 லட்சத்துல பாதி அந்த ஷாட்டுக்குன்னு வச்சுக்கலாம்.

இயக்கம் ஜார்ஜ் க்யூகர். மேடை மேல மரியாத ஜாஸ்தி, அதான் பிரச்சனையும். லண்டன் தெரு மொத்தமும் கலிஃபோர்னியா ஸ்டூடியோக்குள்ள போட்ட செட்டு, ஒரு காத்து கூட அடிக்காது. கேமரா நாடகம் பாக்க முதல் வரிசையில டிக்கெட் வாங்கின மாதிரி உக்காந்துக்குது. கிட்டத்தட்ட 3 மணி நேரம், இடைவேளைக்கு அப்புறம் அப்பா கல்யாணத்துக்குப் போற பாட்டு எல்லாம் மேடையில கைதட்டு வாங்கிருக்கும், இங்க நான் போன எடுத்துட்டேன். காதல் பையன் ஃப்ரெடியா வர்றது ஜெரமி பிரெட், பின்னாடி டிவில ஷெர்லாக் ஹோம்ஸா பேர் வாங்குனாரே அவர்தான். அவரு பாட்டும் அவரு குரல் இல்ல!

இப்ப வர்றவங்க கொஞ்சம் தெளிஞ்சிட்டாங்க. 2024ல வந்த விக்கட் (Wicked), அதுவும் மேடையில இருந்து வந்த மியூசிக்கல் படம்தான், அதுல சிந்தியா எரிவோ, அரியானா கிராண்டே ரெண்டு பேருமே பாடத் தெரிஞ்சவங்க, நெறைய எடத்துல செட்லயே லைவா பாடினாங்க, மேடையில அந்த ரோல் பண்ண பழைய ரெண்டு பேருக்கும் ஒரு குட்டி வேஷம் குடுத்து மரியாதயும் பண்ணிட்டாங்க. ஸ்டாரும் வேணும் குரலும் வேணும்னா ரெண்டும் இருக்குற ஆளத் தேடணும், அதுக்கு நேரம் ஆகும், அவ்ளோதான்.

ஜூலி ஆண்ட்ரூஸ் கத தெரிஞ்சிருக்கும். இந்த ரோல் போனதுல மேரி பாப்பின்ஸ்னு இன்னொரு படம் பண்ண டேட் கெடச்சுது, கோல்டன் குளோப் வாங்கும்போது இதெல்லாம் நடக்க காரணமான ஜாக் வார்னருக்கு நன்றின்னு மேடையிலயே சொன்னாங்க, வார்னர் கீழ உக்காந்து கேட்டாரு. அந்த வருஷம் ஆஸ்கர்ல மை ஃபேர் லேடிக்கு சிறந்த படம் உட்பட 8, சிறந்த நடிகை மட்டும் ஆண்ட்ரூஸுக்கு. ஹெப்பர்னுக்கு நாமினேஷனே இல்ல, இருந்தாலும் வந்து ஹாரிசனுக்கு விருத குடுத்துட்டு சிரிச்சுட்டு போனாங்க, அந்த வீடியோ யூடியூப்ல தேடுனா கெடைக்கும்.

வாங்கலாமான்னு கேட்டா, பழைய படம் பெரிய திரையில பாக்குற பழக்கம் இருக்குறவங்க யோசிக்காம வாங்கலாம், மத்தவங்க வாடகைக்கு ஆன்லைன்ல கெடச்சா போதும். ஆனா டிஸ்க் வாங்குறவங்களுக்கு மட்டும் ஒரு லாபம், எக்ஸ்ட்ராஸ்ல ஹெப்பர்ன் சொந்தக் குரல்ல பாடின ரெண்டு பாட்டு இருக்கு. பூ மார்க்கெட்ல குளிர்ல நின்னு ஒரு ரூமும் நாற்காலியும் கெடச்சா போதும்னு பாடுவாங்களே, அத மொதல்ல போடுங்க. மேல் ஸ்தாயில குரல் மெலிஞ்சு போகுது, ஒன்னு ரெண்டு எடத்துல ஸ்ருதியும் ஆடுது, ஆனா முகமும் குரலும் ஒரே ஆளோடது, பூக்காரின்னு நான் நம்புனது அந்த 3 நிமிஷம்தான். படத்துக்கு 5க்கு 3.5, டிஸ்க்குக்கு 4.5.