ஐதரசன் லீக்கப் பிடிக்க: சூடான சென்சரா, ஒளியில பாக்குற பலேடியமா?

மட்டக்களப்பு கல்லடியில எங்கட வீட்டுக்குப் பக்கத்துல பட்டரி சார்ஜ் போடுற கடை ஒண்டு இருக்கு, போன மாரியில சாரல் அடிக்குதெண்டு கதவெல்லாம் சாத்திப்போட்டு சார்ஜ் போட்டிருக்காங்க, கிளிப்பக் கழட்டக்க ஒரு பொறி, மூடி பறந்து அந்தப் பெடியன்ட கண்ணுல அசிட் பட்டிட்டு. ஈய அசிட் பட்டரிக்கு சார்ஜ் கூடினா தண்ணி பிரிஞ்சு ஐதரசன் வரும். மணமில்ல, நிறமில்ல, காத்துல 4 வீதம் சேந்தாலே பத்தும். அதுக்குப் பிறகுதான் இந்த சென்சர் விசயத்தத் தோண்டத் தொடங்கினன்.

லேசாக் கிடைக்கிற ஐதரசன் சென்சர் எம்கியூ-8. விலை குறைவு, ஆர்டுயினோ எண்ட சின்ன கொன்ட்ரோல் போர்டோட பூட்டலாம். ஆனா உள்ளுக்க ஹீட்டர் எந்த நேரமும் சூடா இருக்கோணும், வேற வாயுவுக்கும் கத்தும், வாவிக் காத்துட ஈரத்துக்கு ரீடிங் ஆடும். கட்டலிட்டிக் சென்சர் உறுதியானது, ஆனா வாயுவ எரிச்சுத்தான் அளக்கும், ஒட்சிசன் இல்லாட்டி வேலை செய்யாது.

பலேடியம் நானோ துகள் (கண்ணுக்கே தெரியாத அளவு சின்னப் பொடி), அதுட கதையே வேற. தன்ட கனவளவப்போல 900 மடங்கு வரைக்கும் ஐதரசன உறிஞ்சுற உலோகம் அது, தோமஸ் கிரஹாம் 1866லயே பாத்தது. உறிஞ்சினா ஐதரைட்டா (ஐதரசன் சேந்த சேர்வையா) மாறி வீங்கும், இலத்திரன்கள்ட நடத்தையும் மாறும், அதால துகள் பிடிக்கிற ஒளிட அலைநீளம் தள்ளிப்போகும், அந்தத் தள்ளல ஒரு எல்ஈடியும் ஒளியுணரியும் வச்சு அளந்தாச் சரி. ஒளி போற கண்ணாடி ஃபைபர் நுனியில துகளப் பூசி கூரைக்குக் கீழ வைக்கலாம் (ஐதரசன் மேலதான ஏறும்), கரண்ட் வயர் வாயு கிடக்கிற இடத்துக்குப் போகவே தேவையில்ல. பொறிக்கு வழியே இல்லாததுதான் எனக்கு இதுல பெரிசு.

ஆனா சுத்தப் பலேடியத்த நம்பாதீங்க. ஒரே அளவு வாயுவுக்கே, கூடிக்கொண்டு போகக்க ஒரு ரீடிங், குறைஞ்சு வரக்க வேற ரீடிங் காட்டும், காபன் மொனொக்சைட்டு பட்டா மேற்பரப்பு அடைபட்டிடும். தங்கம் மட்டும் வச்சா ஐதரசன உறிஞ்சவே மாட்டுது, ஆனா பலேடியத்துல 25, 30 வீதம் தங்கத்தக் கலந்தா அந்த ஏற்ற இறக்க வித்தியாசம் போயிடும். சுவீடன் சால்மர்ஸ் பல்கலைக்கழகக்காரர் 2019ல இந்தக் கலவைக்கு மேல பிளாஸ்டிக் படலம் பூசி ஒரு செக்கனுக்குள்ளயே பதில் எடுத்தாங்க. விலையும் ஒளி அளக்குற சாமானும்தான் இடிக்குது.

அதால அந்தக் கடைக்கு இப்போதைக்கு எம்கியூ-8தான், அதோட கூரைக்குக் கீழ ரெண்டு காத்துவாசல் விடச் சொன்னன், சார்ஜர ஓஃப் பண்ணிட்டுத்தான் கிளிப்பத் தொடோணும் எண்டும் சொல்லிட்டு வந்தன். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்துல பௌதிகம் படிக்கிற தம்பி தங்கச்சிமார் புரொஜெக்ட் தேடினா பலேடியம்-தங்கத்த எடுங்க, ஈரத்துல அது எப்பிடி நிக்குதெண்டு எங்கட வாவிக்கரையில வச்சே அளக்கலாம்.